காற்று ஓய்ந்தாலும் அணையாத விளக்கு

டென்மார்க்கின் ஜட்லாந்து தீபகற்பத்தில் ஆஸ்கோவ் என்றொரு சிற்றூர் உள்ளது. அங்குள்ள பள்ளிக் கட்டடங்களின் சன்னல் கண்ணாடிகளை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பலமுறை மாற்ற வேண்டியிருந்தது. காரணம், அப்பள்ளியின் இயற்பியல் ஆசிரியர். காற்றாலையில் கிடைத்த மின்சாரத்தால் தண்ணீரைப் பகுத்து, அதிலிருந்து வெளிப்பட்ட ஹைட்ரஜன் வாயுவைத் தொட்டியில் அடைத்து, அதைக் கொண்டு இரவில் விளக்கெரித்து வந்தார் அவர். அந்த வாயுவில் சிறிதளவு ஆக்சிஜன் கலந்துவிட்டால் போதும், வெடித்துவிடும். கண்ணாடிகள் நொறுங்கின, புதிய கண்ணாடிகள் பொருத்தப்பட்டன, சோதனை நிற்கவில்லை.

அந்த ஆசிரியரின் பெயர் பவுல் லா கூர் (1846-1908). இப்பெயர், எடிசனையும் டெஸ்லாவையும் அறிந்த நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. காற்றிலிருந்து முதன்முதலில் மின்சாரம் எடுத்தவர் அவர் அல்லர். ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் பிளைத் 1887-இலும், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் சார்லஸ் பிரஷ் அதையடுத்தும் அதைச் செய்துவிட்டனர். ஆனால், அவர்கள் ஒளியேற்றியது தத்தம் இல்லங்களுக்கு. காற்று அடிக்கும் நேரம் வேறு, மக்களுக்கு மின்சாரம் தேவைப்படும் நேரம் வேறு; இவ்விரண்டையும் ஓர் ஊர் முழுவதற்குமாக எப்படிப் பொருத்துவது? இக்கேள்வியைத் தம் வாழ்நாள் பணியாக ஏற்றவர் லா கூர். சூரியசக்தியும் காற்றாலையும் பெருகிவிட்ட இன்று, ஒவ்வொரு நாட்டின் மின்தொகுப்புப் பொறியாளரும் விழித்திருந்து விடை தேடுவதும் இதே கேள்விக்குத்தான்.

ஜட்லாந்தின் கிழக்குக் கரையில் எபெல்டோஃப்ட் என்ற ஊருக்கு அருகே ஒரு பண்ணைக் குடும்பத்தில் 1846 ஏப்ரல் 13 அன்று பிறந்தார். பிரான்ஸிலிருந்து வந்து குடியேறிய ஹியூகனாட் மரபினர் என்பதால்தான் டேனிஷ் மொழிக்கு அந்நியமான இந்தக் குடும்பப் பெயர். வானிலையியலைத் தம் துறையாகக் கொண்ட அவர், 1872-இல் டென்மார்க் வானிலை ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டபோதே அதில் உயர்பொறுப்பில் சேர்ந்தார். காற்றை அளப்பதும் பதிவு செய்வதும் அவருடைய முதல் தொழில் என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

ஆனால், அவருடைய மனம் அப்போது தந்தியில் இருந்தது. ஒரே கம்பியில் ஒரே நேரத்தில் பல செய்திகளை அனுப்ப முடியுமா என்று ஆராய்ந்தார். வெவ்வேறு சுருதியில் அதிரும் இசைக்கவைகளைப் பயன்படுத்தினால், ஒவ்வொரு செய்தியும் தன் சுருதியிலேயே பயணம் செய்து மறுமுனையில் பிரிந்துவிடும் என்று கண்டார். அமெரிக்காவில் எலிஷா கிரேயும் அலெக்சாண்டர் கிரகாம் பெல்லும் அதே காலத்தில் அதே வழியில் போய்க்கொண்டிருந்தனர். காப்புரிமைப் போட்டியில் சிறிய நாட்டின் ஆய்வாளருக்குப் பெரிய ஆதாயம் எதுவும் கிட்டவில்லை.

அந்த முயற்சியில் அவர் படைத்த ஒரு கருவி மட்டும் நிலைத்தது. இரும்புப் பற்கள் கொண்ட ஒரு சக்கரம். அதன் அருகே ஒரு மின்காந்தம். இசைக்கவையின் ஒவ்வோர் அதிர்வுக்கும் ஒரு மின்துடிப்பு மின்காந்தத்துக்குச் செல்லும்; ஒவ்வொரு துடிப்புக்கும் சக்கரத்தின் ஒரு பல் நகரும். இசைக்கவை பிசகாதவரை சக்கரமும் பிசகாது. தொனிச்சக்கரம் எனப்பட்ட இதை அமெரிக்காவில் பேட்ரிக் டெலனி தம்முடைய பன்முகத் தந்தி முறைக்குப் பயன்படுத்திக்கொண்டார்.

இன்றைய மின்தொகுப்பின் உயிர்நாடி இந்த ஒத்திசைவுதான் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியுள்ளது. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைகிறது. தொகுப்போடு நேரடியாக இணைந்த பெரிய அனல், நீர், அணு மின்னாக்கிகள் அனைத்தும் ஒரே தாளத்தில் சுழல்கின்றன. நுகர்வு கூடினால் அந்தத் தாளம் சற்றுத் தளரும். உற்பத்தி மிகுந்தால் சற்று விரையும். 50 என்ற எண்ணிலிருந்து ஏற்படும் மிகச்சிறு விலகலே, எங்கோ பற்றாக்குறை அல்லது எங்கோ மிகை என்பதற்கான முதல் அறிகுறி. தாளம் எல்லை மீறித் தளர்ந்தால் மாநிலங்கள் இருளில் மூழ்கும். இசைக்கவையின் தாளத்தில் சுழன்ற லா கூரின் சிறு சக்கரம் இந்தப் பேரியக்கத்தின் மாதிரி வடிவம் எனலாம். விந்தை என்னவென்றால், பின்னாளில் காற்று மின்சாரத்துக்கு வந்தபோது அவர் கையாண்டது நேர்மின்னோட்டம். அதற்கு இந்தத் தாளமே தேவைப்படவில்லை.

தலைநகரின் ஆய்வு நிறுவனத்தை விட்டு 1878-இல் ஆஸ்கோவ் பள்ளிக்கு ஆசிரியராகச் சென்றார் லா கூர். பதவி உயர்வை எதிர்பார்க்கத்தக்க 32 வயதில், ஏன் ஒரு கிராமத்துப் பள்ளிக்குப் போனார்? விடை டென்மார்க்கின் வரலாற்றில் உள்ளது. 1864-ஆம் ஆண்டுப் போரில் பிரஷ்யாவிடமும் ஆஸ்திரியாவிடமும் தோற்று, தென்பகுதியில் பெரும் நிலப்பரப்பை இழந்திருந்தது அந்நாடு. இழந்ததை வாளால் மீட்க முடியாது. உழவர்களுக்குக் கல்வி தந்து உள்நாட்டை எழுப்புவோம் என்ற எண்ணம் பரவியது. சமயச் சிந்தனையாளர் குருண்ட்விக் வித்திட்ட மக்கள் உயர்பள்ளி இயக்கம் அதற்குக் கருவியாயிற்று. தேர்வும் பட்டமும் இன்றி, பருவம் எய்திய உழவர் வீட்டுப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிகள் அவை. போரில் பறிபோன பகுதியில் இருந்த ரோடிங் பள்ளியின் தொடர்ச்சியாக, புதிய எல்லைக்கு இப்பால் 1865-இல் எழுந்ததே ஆஸ்கோவ். லா கூர் அங்கே கணிதத்தையும் இயற்பியலையும் சூத்திரங்களாகக் கற்பிக்காமல், மனிதர்கள் அவற்றைக் கண்டடைந்த வரலாறாகக் கற்பித்தார். அந்தப் பாடங்கள் பின்னர் நூல்களாகவும் வந்தன.

டென்மார்க்கில் ஓடென்ஸ், கோபன்ஹேகன் போன்ற நகரங்களில் பொது மின்நிலையங்கள் 1890-களின் தொடக்கத்தில்தான் எழுந்தன. நீராவி, நிலக்கரி, செப்புக் கம்பி எல்லாம் நகரத்துக்கே கட்டுபடியாகும். இப்படியே போனால் ஒளியும் இயந்திரமும் தொழிலும் நகரங்களில் குவியும், கிராமங்கள் இருளில் தேயும் என்று லா கூர் அஞ்சினார். நிலக்கரி இல்லாத அந்நாட்டில் கிராமத்துக்குக் குறைவின்றிக் கிடைத்தது காற்று ஒன்றுதான். அரசிடம் நிதி கேட்டார்; கிடைத்தது. 1891-இல் ஆஸ்கோவில் சோதனைக் காற்றாலை எழுந்தது.

முதல் சிக்கல் உடனே தலைகாட்டியது. மாவரைக்கும் கல்லுக்குக் காற்றின் வேகம் ஏறி இறங்கினால் பெரிய கேடில்லை. டைனமோவுக்கு அது ஆகாது. ஒரு வீச்சில் மின்னழுத்தம் பாய்ந்து ஏறும், மறுகணம் விழும். எடைகளையும் பெல்ட்டுகளையும் கொண்டு லா கூர் ஒரு சீராக்கியை அமைத்தார். கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு கிராட்டோஸ்டாட் என்று பெயரிட்டார். அதன் எளிமையாக்கப்பட்ட வடிவத்தில், காற்று மிஞ்சும்போது பெல்ட் வழுக்கிக்கொடுக்கும். டைனமோவுக்குச் செல்லும் விசை ஓர் அளவுக்கு மேல் ஏறாது. ஊர்க் கொல்லரும் தச்சரும் செய்யக்கூடிய எளிய பொறி அது. டென்மார்க்குக்கு வெளியேயும் பரவியது. இன்று மின்னணுக் கருவிகள் ஒவ்வொரு காற்றாலைக்குள்ளும் அமர்ந்து செய்யும் வேலையின் மூதாதை அதுவே.

வீச்சைச் சீராக்கிவிடலாம். காற்றே இல்லாத நாளுக்கு என்ன செய்வது? அக்காலத்து ஈய மின்கலங்கள் விலை மிகுந்தவை. எனவே அவர் வாயுவை நாடினார். இத்தாலியரான பாம்பேயோ கருட்டி உருவாக்கிய மின்பகுப்பு முறையைப் பயன்படுத்தி, ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பிரித்துச் சேமித்தார். 1895 முதல் 1902 வரை ஏழு ஆண்டுகள் ஆஸ்கோவ் பள்ளியின் அறைகள் இந்த ஒளியில் இயங்கின. 12 கன மீட்டர் கொள்ளளவுள்ள ஹைட்ரஜன் தொட்டி இருந்ததால், காற்று ஓய்ந்த நாள்களிலும் விளக்கு அணையவில்லை. சாதாரண அழுத்தத்தில் 12 கன மீட்டர் ஹைட்ரஜன் என்பது ஏறத்தாழ 36 யூனிட்டுக்கு இணையான வெப்ப ஆற்றல். ஒரு நடுத்தரக் குடும்பம் சில நாள்களில் செலவழிக்கும் மின்சாரத்தின் அளவுதான். அதைக் கொண்டு ஒரு பள்ளியையே ஏழாண்டு காலம் நடத்தியதில் சிக்கனத்தின் பங்கும் பெரிது.

ஆனால், ஹைட்ரஜன் விளக்குக்கு உதவியது, இயந்திரத்துக்கு உதவவில்லை. உழவருக்குக் கதிரடிக்கவும் தீவனம் வெட்டவும் விசை வேண்டும். ஹைட்ரஜனால் இயங்கும் எந்திரத்தை உருவாக்க அவர் எடுத்த முயற்சிகள் பலன் தரவில்லை. ஏழாண்டு உழைப்பையும் புகழையும் முன்னிட்டு அந்த வழியையே பிடித்துக்கொண்டு நின்றிருக்கலாம். அவர் நிற்கவில்லை. 1902-இல் ஆஸ்கோவில் மின்கல அடுக்குகளுடன் ஊருக்கான சிறு மின்நிலையம் அமைந்தது. காற்றாலை மின்கலங்களை நிரப்பும். காற்று குறைந்து மின்னழுத்தம் தாழ்ந்தால், மின்கலத்தின் மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பிப் பாய்ந்து வீணாகாதபடி ஒரு தானியங்கி விசை இணைப்பைத் துண்டிக்கும். மின்கலமும் தீர்ந்துபோகும் நீண்ட அமைதி நாள்களுக்கு எண்ணெயில் ஓடும் எந்திரம் ஒன்று துணை நிற்கும். காற்றின் மீது பற்றுக்கொண்டவர் எண்ணெய் எந்திரத்தை ஏற்றுக்கொண்டது கொள்கைச் சரிவு ஆகாது. விளக்கு எரிய வேண்டும் என்பதே அவருக்குக் கொள்கை.

இடையில், காற்றாலையின் இறக்கை வடிவத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1896 முதல் காற்றுக் குழாய் ஒன்றை அமைத்து, சிறு மாதிரிகளை வைத்து அளந்தார். இறக்கைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, சரியான கோணத்தில் முறுக்கிய குறைந்த இறக்கைகள் விரைந்து சுழல்வதே மின்னாக்கத்துக்கு ஏற்றது என்று கண்டார். 1897-இல் பெரிய சோதனை ஆலை எழுந்தது. முடிவுகளை நூலாக வெளியிட்டாரே தவிர, பூட்டி வைக்கவில்லை.

லா கூரின் வாழ்வில் இன்று நாம் அதிகம் கவனிக்க வேண்டிய பகுதி இதற்குப் பின்னர்தான் வருகிறது. 1903-இல் டென்மார்க் காற்று மின்சாரச் சங்கம் அமைந்தது. மின்நிலையம் விரும்பும் ஊர்களுக்குத் திட்டம் வகுத்துக் கொடுப்பது அதன் பணி. அடுத்த ஆண்டு, ஊரக மின்வினைஞர்களுக்கான பயிற்சி வகுப்பு ஆஸ்கோவில் தொடங்கியது. உழவர் வீட்டு இளைஞர்கள் வந்து மின்னியல் கற்று, தம் வட்டாரங்களுக்குத் திரும்பி, மின்நிலையங்களை அமைக்கவும் நடத்தவும் ஆயினர்.

கூட்டுறவுப் பால்பண்ணையை 1882-இலேயே ஜட்லாந்து உழவர்கள் தொடங்கியிருந்தனர். கணக்கு எழுதவும் இலாபம் பகிரவும் பழகியவர்கள். ஊர் மின்நிலையமும் அதே வழியில் பலருடைய பங்கில் நின்றது. அதை நடத்தும் மின்வினைஞர் வானத்தைப் பார்ப்பார், மின்கலத்தின் அளவைப் பார்ப்பார், மாலையில் எத்தனை வீடுகளில் விளக்கெரியும் என்று அறிவார். இன்று கதிரடிக்கலாமா, நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று உழவரிடம் அவரால் சொல்ல முடியும். வானிலைக் கணிப்பு, சேமிப்பு நிலை, தேவைக் கணிப்பு, தேவையை நேரம் மாற்றி அமைத்தல் ஆகிய நான்கையும் இன்று திறன்மிகு மின்தொகுப்பு என்று சொல்கிறோம். கணினியும் உணர்கருவியும் செய்கின்றன. அன்று பயிற்சி பெற்ற ஓர் ஊர்க்காரரால் அது இயன்றது.

கணினி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கோடிக்கணக்கான இணைப்புகளை மனிதக் கண்ணால் கவனிக்க இயலாது. ஆனால், திறன்மிகு மின்தொகுப்பு பற்றிய நம் விவாதங்கள் மீட்டரிலும் மென்பொருளிலும் தொடங்கி அவற்றிலேயே முடிந்துவிடுகின்றன. காற்றாலை நிற்கும் ஊரில் வாழ்பவருக்கு அந்த மின்சாரத்தில் என்ன பங்கு, மின்சாரத்தை எப்போது பயன்படுத்துவது மலிவு என்பதை அவருக்கு யார் விளக்குவது, பழுதானால் சரிசெய்ய அந்த வட்டாரத்தில் யாருக்குத் தெரியும் ஆகிய கேள்விகள் பேசப்படுவதே அரிது. லா கூர் கருவியைச் செய்தவுடன் பள்ளியைத் திறந்தார். அந்த வரிசை முறை தற்செயலானது என்று தோன்றவில்லை.

1908 ஏப்ரல் 24 அன்று, 62-ஆவது வயதில் அவர் மறைந்தார். விதைத்தது அதன் பிறகும் வளர்ந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் எண்ணெய் தட்டுப்பாடு ஏற்பட்டபோது காற்றாலைகளின் மதிப்பு உயர்ந்தது. 1918-இல் டென்மார்க்கின் ஊரக மின்நிலையங்களில் ஏறத்தாழ 120, காற்றாலை கொண்டவையாக இருந்தன. ஒவ்வொன்றும் பெரும்பாலும் 20 முதல் 35 கிலோவாட். மொத்தம் சுமார் 3 மெகாவாட். நாட்டின் மின் நுகர்வில் அது 3 விழுக்காடு. இன்றைய கணக்கில் ஒரே காற்றாலை அந்த 3 மெகாவாட்டைத் தந்துவிடும். நிலக்கரி மலிந்து, மாறுமின்னோட்டக் கம்பிகள் கிராமங்களை எட்டியதும் அந்தச் சிறு நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. லா கூர் தோற்றார் என்று எழுதி முடித்திருக்கலாம்.

ஆனால், 1904-ஆம் ஆண்டு வகுப்பில் யோஹனஸ் யூல் என்ற பதின்பருவ இளைஞரும் இருந்தார். மின்வினைஞராகவே வாழ்ந்து, முதுமையை நெருங்கும் வயதில் காற்றாலை ஆய்வுக்குத் திரும்பிய யூல், 1957-இல் கெட்ஸர் என்னுமிடத்தில் 200 கிலோவாட் காற்றாலையை நிறுவினார். மூன்று இறக்கைகள், மாறுமின்னோட்டம், நேரடியாகப் பொது மின்தொகுப்புடன் இணைப்பு. மின்கல அடுக்கு இல்லை, ஹைட்ரஜன் தொட்டி இல்லை. ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் பொறுப்பு முழுவதையும் மின்தொகுப்பே ஏற்றது. பத்தாண்டுகள் அது ஓடியது. 1970-களில் எண்ணெய் விலை ஏறியபோது உலகம் தேடிப் போய்ப் பார்த்த வடிவமும் அதுதான்.

இன்று டென்மார்க் தன் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் காற்றிலிருந்து பெறுகிறது. காற்று மிகும் நேரத்தில் நார்வேக்கும் ஸ்வீடனுக்கும் மின்சாரம் செல்கிறது. அங்கே அணை நீர் மிச்சமாகிறது. காற்று ஓயும்போது அந்த நீர்மின்சாரம் திரும்பி வருகிறது. நகரங்களைச் சூடேற்றும் நிலையங்களும் மலிவான காற்று மின்சாரம் வரும் வேளையில் வெந்நீரைக் காய்ச்சி வைத்துக்கொள்கின்றன. அண்டை நாட்டு அணை என்ற அந்த வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. சென்னையில் 1998-இல் தொடங்கப்பட்ட, இன்று தேசியக் காற்று ஆற்றல் நிறுவனம் எனப்படும் அமைப்பும், கயத்தாற்றில் உள்ள அதன் காற்றாலைச் சோதனை நிலையமும் டென்மார்க்கின் உதவியோடு உருவானவையே. ஆரல்வாய்மொழிக் கணவாயில் மே முதல் செப்டம்பர் வரை காற்று பொழியும். அதன் பிறகு அடங்கும். காற்று மிகுந்த வேளைகளில் மின்சாரத்தை ஏற்க வழியின்றி ஆலைகளை நிறுத்திவைக்க நேர்ந்ததையும் தமிழகம் கண்டிருக்கிறது. லா கூரின் முதல் மூன்று விடைகளை நாம் வாங்கிப் பொருத்தி வருகிறோம். நான்காவதான ஊரக மின்வினைஞர் வகுப்பு மட்டும் இறக்குமதியாகவில்லை.

ஹைட்ரஜனும் திரும்பி வந்துவிட்டது. மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கி மறுபடியும் மின்சாரமாக்கினால் இட்டதில் மூன்றில் ஒரு பங்கு அளவே கைக்கு வரும் என்பதால், மின்கலத்தோடு அது போட்டியிட முடியாது. நாள்கணக்கில், வாரக்கணக்கில் சேமிக்க வேண்டிய இடத்திலும், எரிபொருளாகவே பயன்படும் தொழிற்சாலைகளிலும்தான் அதற்கு வேலை. ஜட்லாந்தின் வடபகுதியில் உள்ள ஹோப்ரோ நகரில் 2018 செப்டம்பரில் ஒரு மின்பகுப்பு நிலையம் திறக்கப்பட்டது. திறன் 1.2 மெகாவாட். மின்தொகுப்பில் காற்று மின்சாரம் மிகும்போது ஹைட்ரஜன் உற்பத்தியைக் கூட்டியும், குறையும்போது தணித்தும் தொகுப்பின் சமநிலைக்கு உதவ முடியுமா என்று பார்ப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. அங்கிருந்து தெற்கே, அதே தீபகற்பத்தில், ஆஸ்கோவின் 1897-ஆம் ஆண்டு ஆலைக் கட்டடம் இப்போது லா கூர் அருங்காட்சியகமாக நிற்கிறது.